கேட்டுச் சொன்ன கதை

அந்தக் கடலோர மீனவ ஊரின் பள்ளிக்கூடத்தில் ஊர்க்கதை விழா. மேடையேற இன்னும் கால் மணி நேரம்தான். ட்ரீனாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேரலை வந்த நாளில் படகுகளை மலையுச்சிப் பாறையில் கட்டி, ஊரையே காப்பாற்றிய பெண்ணின் கதையை அவள் சொல்லப்போகிறாள். அப்பா சொன்ன கதை. அதை அடித்துக்கொள்ள இன்னொரு கதை கிடையாது.

அப்போதுதான் அத்தை மகன் ராஸ்கோ பக்கத்தில் வந்தான்.

"அது எங்க கழுகுக் குலத்துக் கதை. நீ உங்கம்மா மாதிரி காக்கைக் குலம். எங்ககிட்ட கேட்டியா?"

ட்ரீனாவுக்குப் பகீரென்றது. பிள்ளைகள் அம்மாவின் குலம் என்பது அந்தக் கரையில் நண்டுக்குக்கூடத் தெரியும். ஆனால் அப்பா சொன்னதால் கதையும் தன்னுடையது என்று நினைத்துவிட்டாள். ஒரு குலத்தின் கதையை அவர்களைக் கேட்காமல் சொன்னால் அது திருட்டு. அம்மாவுக்குத்தான் தலைகுனிவு.

நீயே சம்மதம் கொடேன் என்று கெஞ்சிப் பார்த்தாள். பதினோரு வயதுக்காரனின் சம்மதம் செல்லாது என்று ராஸ்கோ கையை விரித்தான். கொடுக்க வேண்டியவள் அவனுடைய அம்மா, மேவிஸ் அத்தை. அவளும் அப்பாவும் அந்தக் குலத்துப் பெரியவர்கள் எல்லோரும் சால்மன் மீன் பிடிக்கக் கடலுக்குப் போயிருந்தார்கள்.

சட்டென்று ட்ரீனாவுக்குப் பொறி தட்டியது. வீட்டுக்கு ஓடினாள். படகுகளோடு பேசும் வாக்கி டாக்கியைச் சமையலறையிலிருந்து எடுத்து, மூச்சு வாங்க அத்தையைக் கூப்பிட்டாள். எல்லாப் படகுகளுக்கும் கேட்குமே என்ற வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, கதையைச் சொல்லலாமா என்று கேட்டாள். கரகரப்புக்கு நடுவே அத்தையின் குரல் வந்தது.

"கேட்டியே, அதுவே எனக்குச் சந்தோஷம். ஆனா எங்க பெரியவங்க யாரும் அங்க இல்லையே. தப்பா சொன்னா யாருடி திருத்துவா?"

ட்ரீனா யோசித்தாள்.

"நீங்கதான் அத்தை. அங்கிருந்தே கேளுங்க."

அதே ஓட்டமாக மேடைக்குத் திரும்பினாள். ராஸ்கோவையும் மேலே அழைத்து, வாக்கி டாக்கியின் பொத்தானை அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். இது கழுகுக் குலத்தின் கதை, கேட்டுத்தான் சொல்கிறேன் என்று தொடங்கினாள். கதையில் அலை எழுந்தபோது முன்வரிசைப் பிள்ளைகள் கால்களைத் தூக்கிக்கொண்டார்கள். ராஸ்கோவும் ஓரடி பின்வாங்கினான், பொத்தானை மட்டும் விடவில்லை.

கதை முடிந்தது. ராஸ்கோ விரலை எடுத்தான். அத்தையின் குரல் வந்தது.

"ஒரே ஒரு தப்பு. அலை இன்னும் பெருசு."

கூடம் சிரித்தது.

"இன்னொரு தடவை சொல்லு. இங்க ஒரு படகும் இன்னும் வலை போடல."

ட்ரீனா மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, அலையை மலைக்கும் மேலே எழுப்பினாள்.