அண்ணன் என்று கையெழுத்திட்டவர்

சிறை மருத்துவமனையிலிருந்து வந்த நான்காவது கடிதம் பெரியவரிடம் எதையும் கேட்கவில்லை.

முதல் மூன்றும் கேட்டிருந்தன. தம்பியின் குடலில் கட்டி இருக்கிறது. வெளி மருத்துவமனைக்கு அனுப்பி அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். ரத்த உறவுள்ள ஒருவர் நேரில் வந்து சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்றையும் படித்து, மடித்து, பீரோவின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினார். தம்பி கப்பலில் வேலை பார்க்கிறான் என்றுதான் ஊருக்குச் சொல்லியிருந்தது. மகளுக்கு நல்ல இடத்தில் பேசி முடித்திருந்த நேரம். சிறை வாசலில் அவரை யாராவது பார்த்தால் அந்தச் சம்பந்தம் அன்றோடு சரி. கூடப் பிறந்தவர்தானே, ஒரு கையெழுத்துத்தானே என்று மனைவி ஒருமுறை சொன்னதற்கு இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

நான்காவது கடிதம் மூன்றே வரி. நோயாளியின் அண்ணன் நேரில் வந்து சம்மதம் அளித்துவிட்டார். சிகிச்சையில் முழுத் திருப்தி என்று நோயாளி எழுதிக் கொடுத்திருக்கிறார். தங்களைத் தொந்தரவு செய்ததற்கு வருந்துகிறோம்.

தம்பிக்கு இருந்தது ஒரே அண்ணன்.

முப்பத்தாறு வருடம் தபால் அலுவலகத்தில் இருந்தவர், உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முத்திரை சரி. தேதி சரி. அப்படியானால் எவனோ தன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறான். மைத்துனனாக இருக்குமோ? அவனுக்கு இளகிய மனசு. சம்பந்தி வீட்டார் துப்புத் துலக்க அனுப்பிய ஆளோ? தன்னை வரவழைக்கத் தம்பியே போட்ட நாடகமோ? யாராக இருந்தாலும், இந்தக் குடும்பத்துக்கு மூத்தவன் என்று கையெழுத்துப் போட அவனுக்கு என்ன துணிச்சல்?

மறுநாள் மத்தியானம், ஒரு நிறுத்தம் முன்னதாகவே பஸ்ஸிலிருந்து இறங்கி, குடையை முகத்துக்குத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

சிறையின் மருத்துவப் பிரிவில் கம்பவுண்டர் சின்ன ஜன்னல் வழியாகக் கைதிகளுக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார். இருமியவனுக்கு ஒரு வெள்ளை மாத்திரை. வீங்கிய காலை இழுத்துக்கொண்டு வந்தவனுக்கும் அதே வெள்ளை மாத்திரை. டாக்டர் எப்போது வருவார் என்று பெரியவர் கேட்டார்.

"மாசத்துல ஒரு நாள் வருவாருங்க. எந்த மாசம்னுதான் சொல்ல மாட்டாரு."

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.

நோயாளிக்கு என்ன உறவு என்று கம்பவுண்டர் கேட்டபோது, தூரத்துச் சொந்தம் என்றார் பெரியவர். கம்பவுண்டர் பதிவேட்டைத் திறந்து அவர் பக்கம் தள்ளினார். இருபத்து மூன்று நாளுக்கு முந்தைய பதிவு. உறவு: அண்ணன். வந்த நேரம் இருந்தது. போன நேரம் எழுத வேண்டிய கட்டம் காலி. பக்கத்தில் கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலை இழுத்து, அடியில் ஒரு புள்ளி. ஆயிரக்கணக்கான மணியார்டர்களில் அவர் போட்ட அதே கையெழுத்து.

"அந்த ஆள் போகலையா?"

"போனதை நான் பாக்கலைங்க. முன்னெல்லாம் இவன் போடற கத்தல்ல பக்கத்துக் கட்டடத்துக்காரன்கூடத் தூங்க முடியாது. அவர் வந்த அன்னைக்கு நின்னுது. அப்படி ஒரு அண்ணன் யாருக்கு வாய்க்கும்?"

ஆபரேஷனுக்கு அனுப்பினீர்களா என்று கேட்டார்.

"எதுக்குங்க? நானே பாத்துக்கறேன்னு சம்மதத்துல அவரே எழுதிட்டாரே."

வார்டுக்குப் போகும் நடை நீளமாக இருந்தது. கிருமிநாசினியும் மூத்திரமும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த நாற்றம் முதலில் மூக்கில் குத்தி, பிறகு ஒவ்வொரு கதவைத் தாண்டும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசிக் கதவருகே எந்த வாசனையுமே இல்லாமல் போனது. பின்னால் வரிசையில் இருமிக்கொண்டிருந்தவர்களின் சத்தமும் எங்கேயோ நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தார். கம்பவுண்டர் பாதி வழியிலேயே நின்றிருந்தார். நீங்கள் போங்கள் என்று கையைக் காட்டினார்.

எட்டுக் கட்டில்கள். ஏழு பேர் போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்கள். தூங்குபவர்கள் அல்ல. பார்க்க விரும்பாதவர்கள்.

எட்டாவது கட்டிலில் தம்பி. தலையணையில் சாய்ந்திருந்தான். எலும்பும் தோலுமான முகத்தில், சின்ன வயதில் காய்ச்சல் விட்ட காலைகளில் இருக்குமே, அந்தத் தெளிவு. கட்டிலை ஒட்டி முக்காலியில் ஒருவர். முதுகு மட்டும் தெரிந்தது. ஆணி அடித்தாற்போல நிமிர்ந்த முதுகு. பின்கழுத்தில், காலர் உரசும் இடத்தில், ஒரு பழைய தழும்பு.

பெரியவரின் கை தானாகத் தன் பின்கழுத்துக்குப் போனது.

தழும்பு இருந்தது.

ஓடிவிடலாம். யாருக்கும் தெரியாது. குடை கையில் இருக்கிறது. ஆனால் அது தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அவர் உட்காராத இடத்தில்.

"நான்தான் இவன் அண்ணன்," என்றார்.

ஏழு கட்டில்களிலும் கேட்டிருக்கும். தம்பி சிறைக்குப் போன பிறகு முதல்முறையாக அதை வெளியார் முன் சொல்லிவிட்டார். முதுகு அசையவில்லை.

தம்பி மட்டும் நிமிர்ந்தான். பழக்கமில்லாத ஒருவரைப் பார்க்கிற மரியாதையோடு பார்த்தான்.

"யாருங்க வேணும் உங்களுக்கு?"

"தம்பி, எந்திரிடா. நான் கையெழுத்துப் போடறேன். இன்னைக்கே வெளிய கூட்டிட்டுப் போயிடலாம்."

"எனக்கு இங்க ஒரு குறையும் இல்லீங்க," என்றான் தம்பி. "அண்ணன் நல்லாப் பாத்துக்கறாரு."

பெரியவர் போர்வையைப் பற்றி இழுத்தார்.

முக்காலியில் இருந்தவரின் வலது கை தம்பியின் வயிற்றுக்குள் இருந்தது. மணிக்கட்டுவரை. வெட்டு இல்லை. ரத்தம் இல்லை. தோல் மணிக்கட்டைச் சுற்றி இறுக மூடியிருந்தது. பைக்குள் விழுந்த சாவியைத் தேடுவது போல முழங்கை மெதுவாக அசைந்தது. அசையும்போதெல்லாம் விலா எலும்புகளுக்குக் கீழே ஐந்து விரல்கள் புடைத்தன. அடங்கின. இன்னும் மேலே, நெஞ்சுக்கு அருகே புடைத்தன.

"இன்னும் கொஞ்சம்தாம்பா," என்றது முக்காலியிலிருந்து பெரியவரின் குரல்.

தம்பி சிரித்தபடி தலையாட்டினான். தலையாட்டியபோது, அவனுடைய தொண்டைக்குள் விரல்கள் மெல்ல விரிந்தன.