சத்தமே போடாத பந்தாட்டம்

எங்கள் வீட்டுக்குச் சக்கரம் உண்டு. அதற்காக யாராவது என்னைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்றால் எனக்குப் பொல்லாத கோபம் வரும்.

போன நவம்பரில் எங்கள் வண்டிவீடு அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஒரு முகாமில் நின்றது. அம்மாவுக்குப் பக்கத்துக் கிடங்கில் வேலை. கிறிஸ்துமஸ் வரைக்கும் ஊரார் கேட்கிற பொம்மை, செருப்பு, சட்டி எல்லாவற்றையும் தேடி எடுத்துப் பெட்டியில் போட வேண்டும். முகாமில் இருந்த எல்லோருக்கும் அங்கேதான் வேலை. பண்டிகை முடிந்ததும் ஆளுக்கொரு திசையில் கிளம்பிவிடுவோம்.

பாதிப் பேருக்குப் பகல் வேலை. அம்மாவைப் போல மீதிப் பேருக்கு இரவு வேலை. அவர்கள் பகலில் தூங்குவார்கள். கதவுப் பிடியில் சிவப்புத் துணி கட்டியிருந்தால் உள்ளே ஆள் தூங்குகிறது என்று அர்த்தம். அந்தக் கதவருகே நாங்கள் இருமக்கூட மாட்டோம்.

ஒரு நாள் பள்ளி விட்டு வந்து, நானும் பக்கத்து வண்டி எம்மெட்டும் இன்னும் நாலு பேரும் பந்து விளையாடினோம். பந்து ஒரு வண்டியின் மேல் 'டமார்' என்று மோதியது. முகாம் உரிமையாளர் ஹாஸ்கின்ஸ் ஓடி வந்தார்.

"ஏய் பொடிசுங்களா! இருட்டுற வரைக்கும் ஒருத்தரும் வெளியில வரக் கூடாது. இனிமே யாராவது தூக்கம் கெட்டு முழிச்சாங்கன்னா, முழிக்க வச்சவங்க வீட்டு கரண்ட் ஒயரைப் புடுங்கிடுவேன். வண்டியை எடுத்துட்டுப் போயிட்டே இருக்கணும்!"

"இருட்டினப்புறம் பந்து எப்படி சார் தெரியும்?" என்றேன்.

"அது உன் பாடு, ரோவன்."

வீட்டுக்குள் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். இரவெல்லாம் கிடங்கில் நடந்து வீங்கிய பாதங்கள் போர்வைக்கு வெளியே தெரிந்தன. அவள் தூக்கத்தைக் கெடுக்க எனக்கு மனசில்லை. அதற்காக இருட்டும்வரை உள்ளேயே அடைந்து கிடக்கவும் முடியாது.

மறுநாள் எல்லோரையும் கூட்டினேன். "சத்தம் போடக் கூடாது, சரி. விளையாடவே கூடாதுன்னு சொல்ல அவர் யாரு?"

"துரத்திட்டா என்னடி பண்றது?" என்றான் எம்மெட்.

"சத்தமே இல்லாம விளையாடுவோம். அப்புறம் எதுக்குத் துரத்துவாராம்?"

பழைய கம்பளிக் காலுறைகளைச் சுருட்டிப் பந்து செய்தோம். யார் சத்தம் போட்டாலும் எதிரணிக்கு ஒரு கோல். இதுதான் சட்டம். எம்மெட் தும்மினான், ஒரு கோல் போனது. "தும்மல் கணக்கில்லை!" என்று வாதாடினான். இன்னொரு கோலும் போனது. சிரிப்பை அடக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

மூன்றாம் நாள் ஹாஸ்கின்ஸ் வந்தார். காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஒரு சத்தமும் இல்லை. அதில்தான் அவருக்குக் கோபம் தலைக்கேறியது.

"யாரு உங்களை வெளியில வரச் சொன்னது?" என்று கத்தினார்.

நான் உதட்டில் விரலை வைத்து, சிவப்புத் துணிகளைக் காட்டினேன்.

"எனக்கே சைகை காட்டுறியா? எனக்கேவா?"

ஒரு நாய் குரைத்தது. உடனே நாலைந்து நாய்கள் சேர்ந்துகொண்டன. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எதிர் வண்டி லொரெய்ன் ஆன்ட்டி தலையெல்லாம் கலைந்து வெளியே வந்தார்.

"யாருய்யா அது? மனுஷி கொஞ்ச நேரம் கண்ணை மூட வேண்டாமா?"

"எல்லாம் இந்தப் பசங்கதான்..."

"பசங்களா? பக்கத்துல பசங்க இருக்காங்கன்னே மூணு நாளா எனக்குத் தெரியாது. என்னை எழுப்பினது உங்க தொண்டை!"

ஹாஸ்கின்ஸ் முகம் சிவந்தது. விறுவிறுவென்று எங்கள் வண்டியின் மின்கம்பத்தை நோக்கி நடந்தார். நான் ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன். நகரப் போவதில்லை.

"முழிக்க வச்சவங்க வீட்டு ஒயரைத்தானே புடுங்குவேன்னு சொன்னீங்க? அப்போ உங்க வீட்டுக்குப் போவோம், வாங்க சார். ஒயரைப் புடுங்க நானும் ஒரு கை பிடிக்கிறேன்."

லொரெய்ன் ஆன்ட்டி 'களுக்'கென்று சிரித்தார். எங்கள் கதவு திறந்தது. அம்மா வெறுங்காலோடு படியில் நின்றாள்.

"என் பொண்ணு கேக்குறது நியாயம்தானே சார்?"

"எங்க ஒயரையும் சேர்த்துப் புடுங்கிடுங்க. எல்லாரும் கிளம்புறோம்," என்றார் லொரெய்ன் ஆன்ட்டி. வாசல்களில் நின்ற எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஹாஸ்கின்ஸ் தன் அலுவலகத்துக்குத் திரும்பி நடந்தார்.

நான் பந்தை எடுத்தேன். எம்மெட் உதட்டைக் கடித்துக்கொண்டு தயாராக நின்றான்.

"அதான் எல்லாரும் முழிச்சாச்சே!" என்றாள் அம்மா, படியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டே. "இன்னிக்கு ஒரு நாள் வாய் விட்டுக் கத்துங்களேன்!"

அடுத்த கோலுக்கு நாங்கள் போட்ட கூச்சல் கிடங்கு வரைக்கும் கேட்டிருக்கும்.