பழைய டயரில் ஒரு பிறை

ரத்தத்தைக் கழுவியாகிவிட்டது.

டயர்தான் பாக்கி...

சூளைக்காரர் டயர் கடை வாசலில் தன் பிக்கப் வண்டியைப் பார்த்தபடி நின்றார். முன்பக்க இடது டயரின் ஓரத்தில் பிறை வடிவில் ஒரு வெட்டு. நேற்று சாயங்காலம் மைத்துனனை மோதிக் கொன்ற இடத்தில், சேற்றில், அந்தப் பிறை அச்சடித்தாற்போல் பதிந்திருந்தது. அழிப்பதற்குள் ஆள் அரவம் கேட்டது. ஓடி வந்துவிட்டார்.

செங்கல் சூளையில் பங்கு கேட்டவன் போய்ச் சேர்ந்தான். பயம்தான் போகவில்லை.

"பெரிய டயரா போடுங்க. முப்பத்து மூணு இன்ச்."

டயர் கடைக்கார அக்கா சக்கரத்துக்கு மேலே கையை விட்டு அளந்தாள்.

"அப்படியே போட்டா திரும்பறப்ப மட்கார்டுல உரசும் சார். சஸ்பென்ஷன ரெண்டு இன்ச் தூக்கணும்."

"நாலா தூக்குங்க."

பம்பர் உயர உயர நல்லது. பம்பர் இடித்த காயத்தின் உயரம் பிணத்தில் அப்படியே இருக்கிறதே!

"நாலு தூக்கினா வளைவுல வண்டி கவுந்துடும். ஆசைக்கும் அளவு வேணும். எங்க ஓட்டறீங்க, சேத்துலயா?"

சூளைக்காரர் நெற்றியைத் துடைத்தார்.

"சேறா? நான் எதுக்குச் சேத்துப் பக்கம் போறேன்?"

"கேட்டாத்தானே எந்த டயர்னு சொல்ல முடியும்? உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

"ரெண்டே தூக்குங்க. பழைய டயர் நாலும் எனக்கு வேணும்."

சூளை நெருப்பில் போட்டால் தடயமே இருக்காது.

"எக்ஸ்சேஞ்ச்ல எடுத்துக்கறேனே. நல்லா ஓடற டயரு."

"வேண்டாம்னு சொல்றேன்ல."

நான்கு சக்கரமும் கழன்றன. செல்போன் அலறியது. மனைவி!

"என்னங்க... தம்பிய எவனோ வண்டி ஏத்திக் கொன்னுட்டான்ங்க... சேத்துல டயர் தடம் இருக்காம். போலீஸ் உங்களத் தேடுது..."

கடைக்குப் பின்னால் போய் அவளைத் தேற்றினார். குழாயடியில் முகம் கழுவித் திரும்பியவர், நின்ற இடத்திலேயே உறைந்தார்.

வாசலில் ஒரு போலீஸ் பிக்கப்.

"டயர் வெடிச்சு வந்தாரு சார்," என்றாள் அக்கா. "இந்த அளவுல உங்களோடதுதான் இருந்துச்சு. ஒண்ணக் கழட்டி மாட்டிட்டேன். போலீஸ்காரருக்கு இல்லன்னு சொல்ல முடியுமா?"

எதை மாட்டினாள்?

பார்த்தார்... பிறை!

"சூளைக்காரரே, உங்களத்தான் தேடிக் கிளம்பினேன்," என்றார் இன்ஸ்பெக்டர். "டயருக்கு நன்றி. மச்சானப் பார்க்க வேண்டாமா? உங்க வண்டிதான் அந்தரத்துல நிக்குதே. இதுல ஏறுங்க."

ஏறினார்.

தார் ரோடு முடிந்தது. சேறு தொடங்கியது. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் பின்னால் ஒரு பிறை. அவர் கும்பிடாத சாமி இல்லை.

வண்டி நின்றது. இறங்கியவர், யாரும் பார்க்காதபடி தடத்தைச் செருப்பால் தேய்த்தார். ஒரு பிறை அழிந்தது. அடுத்ததன் மேல் காலை வைத்தார்...

"சார்," கான்ஸ்டபிள் மூச்சிரைக்க ஓடி வந்தார். "கொலைகாரன் வண்டி மறுபடியும் வந்திருக்கு சார். அதே பிறை. தடம் இப்பத்தான் விழுந்திருக்கு."

இன்ஸ்பெக்டர் தடத்தைப் பார்த்தார். தன் வண்டியின் டயரைப் பார்த்தார். பிறகு, சூளைக்காரரின் சேறு அப்பிய செருப்பை நெடுநேரம் பார்த்தார்.

"நேத்து இந்த டயர் உங்க வண்டியிலதானே இருந்தது?"

 சூளைக்காரர் பிறையின் மேலிருந்து காலை எடுத்தார்.

இன்ஸ்பெக்டர் கைவிலங்கை எடுத்தார்.

"டயர மாத்தியாச்சு. வாங்க, அப்படியே வீட்டையும் மாத்திடலாம்."