இழுக்குது

காரின் பின்சீற்றில் குமுதினிக்கு ஆஸ்துமா முட்டு இழுத்துக்கொண்டிருந்தது. முப்பது வருடமாக அந்தச் சத்தத்தோடு குடும்பம் நடத்தும் ஸ்ரீதரனுக்கு அது புதிதில்லை. ஆனால் அவன் ஸ்டியரிங் அருகே இருந்த சோக் குமிழை இழுத்ததும் அது சட்டென்று நின்றது.

ஜேர்மனியின் ஸ்வார்ஸ்வால்ட் காட்டுக்குள், விடுமுறைக்கு எடுத்த மரவீட்டு வாசல். பின்னேரம் தொட்டுப் பனி கொட்டியது. அவளுடைய ஸ்ப்ரே தீர்ந்துவிட்டது, போனில் சிக்னல் இல்லை, ஆஸ்பத்திரியோ மேட்டுக்கு அப்பால். மிஞ்சியது யோகலிங்கம் அண்ணை இரவல் தந்த கார்புரேட்டர் காலத்துக் கிழட்டுக் கார். திறப்பைக் கொடுக்கும்போதே அவர் சொல்லியிருந்தார்:

"குளிருக்கை நிண்டா உந்தச் சோக்கை முழுக்க இழுங்கோ. காத்தை அடைச்சாத்தான் இவர் எழும்புவார். சூடானாப் பிறகு மெல்லத் தள்ளுங்கோ."

அவர் சொன்னபடிதான் இழுத்திருந்தான். திறப்பைத் திருப்பினான். இன்ஜின் உதறிக்கொண்டு பிடித்தது. பின்னால் சத்தமே இல்லை. பாவி மனம் அவளுக்குச் சுகமாகிவிட்டது என்று ஒரு கணம் நம்பியது. சோக்கைப் பாதி தள்ளினான். இன்ஜின் இருமி, நடுங்கி, செத்தது. அப்போதுதான் பின்னால் ஒரு நெடுமூச்சு விசிலடித்தபடி உள்ளே போனது.

"இஞ்சாருங்கோ... இழுக்குது."

"முட்டுத்தானே குமுது. இந்தா, போயிடுவம்."

கண்ணாடியில் பார்த்தான். இல்லை என்று தலையாட்டினாள். அவளுடைய விரல் நெஞ்சைக் காட்டவில்லை, சோக்கைக் காட்டியது.

சோக்கின் தகடு இறுகியிருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கி, பொனற்றைத் தூக்கி, காற்று வடிகட்டியின் மூடியைக் கழற்றினான். போன் வெளிச்சத்தில் கார்புரேட்டரின் வாயும் அதை அடைக்கும் மெல்லிய தகடும் தெரிந்தன. பெற்றோல் மணக்க வேண்டிய இடத்தில் கோடாலித் தைலம் மணந்தது; சற்று முன்பு அவன் அவள் நெஞ்சில் தேய்த்த அதே தைலம். இரும்பு பனிக்கட்டியாகக் குளிர்ந்தது. ஆனால் அந்த வாயிலிருந்து ஈரமான வெதுவெதுப்பு வந்து அவன் உள்ளங்கையைத் தொட்டது. பிறகு உள்ளே போனது. மறுபடி வந்தது.

காருக்குள் அவள் இழுப்பும் அதே தாளத்தில்.

ஓடிவந்து ஏறினான். திறப்பைத் தொடாமல் சோக்கை மட்டும் இழுத்துப் பார்த்தான். அமைதி. சீற்றை நகங்கள் பிறாண்டின. தள்ளினான். மூச்சு.

கார் ஓடினால் இவள் போய்விடுவாள். ஓடாவிட்டாலும் போய்விடுவாள். பிள்ளையாரே, என்ன செய்வேன்? அவனுக்கு அழுகை வந்தது. திறப்பைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு பின்கதவைத் திறந்தான்.

"தூக்கிக்கொண்டு போறன் குமுது. றோட்டில ஆரும் வருவினம்."

"ஓம்," என்றாள். கைகளை அவன் கழுத்தில் போட்டாள்.

டக்.

முன்னால் சோக் அசைந்தது. மெல்ல. தானாக. வெளியே வந்தது.

முன்சீற்றுக்கு மேலால் எட்டி விழுந்து அதை உள்ளங்கையால் அழுத்தினான். உள்ளே போகவில்லை. முழுப் பாரத்தையும் கொடுத்தான். ஏலவில்லை. கடைசிவரை வந்து நின்றது.

கழுத்திலிருந்த கைகள் நழுவின.

இன்ஜின் பிடித்தது. திறப்பு அவன் பையில்தான் இருந்தது. உதறல் இல்லை, இருமல் இல்லை. ஹீற்றரிலிருந்து சுடச்சுடக் காற்று வந்தது. கோடாலித் தைலம்.

வாய் திறந்தபடி கிடந்தவளின் நெஞ்சு அசையவில்லை. பொனற்றுக்குள் முட்டு இழுத்துக்கொண்டிருந்தது.