இருபத்திநான்கு பேர் நின்ற மண்

நான்காவது வீரனின் வாய் திறந்திருந்தது. சின்னராசா அதை மூடியதாகவே வரைந்திருந்தான். மெல்லிய தூரிகையின் நுனியில் பழுப்பு நிறம் தொட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்த ஒற்றைக் கோடு அது. இப்போது அந்த இடத்தில் எள்ளளவு கறுப்புத் தெரிந்தது.

ஞாயிறு முற்பகல். பரந்தனுக்கு வெளியே, சமாதானம் வந்த மறுவருடம் மீண்டும் கூரை போட்ட வீட்டில், யன்னலோரக் கதிரையில் அவன் இருந்தான். வேலிக்கு அப்பால் கண்ணிவெடி நிலம். கிழமையில் ஆறு நாள் அங்கே குப்புறப் படுத்து, மண்ணை மெல்ல விலக்கி வெடி எடுப்பது அவன் தொழில். தேடி முடித்த இடத்தின் எல்லையில் சிவப்புக் குச்சிகள் நிற்கும். அவற்றைத் தாண்டி எவரும் கால் வைப்பதில்லை. அவனுடைய கையின் நிதானத்தைப் பார்த்து, மேற்பார்வையாளர் மார்ட்டின் ஒரு பெட்டி கொடுத்திருந்தார். நெப்போலியனின் காலாட்படை, கட்டைவிரல் உயரத்தில் இருபத்திநான்கு ஈய வீரர்கள். அவருடைய ஊரில் வளர்ந்தவர்கள் இவற்றை மேசையில் நிறுத்திப் போர் விளையாடுவார்களாம். நீலக் கோட்டு, மார்பில் குறுக்காக வெள்ளைப் பட்டி, உயரமான கறுப்புத் தொப்பி. நிறம் தீட்டியபின் ஒவ்வொருவரையும் சிறு தகட்டில் ஒட்டி, காலடியில் பசை தடவி மண் தூவவேண்டும். இருபத்திநான்கு பேரும் இப்போது மண்மேல் நின்றார்கள்.

"உங்கட வெள்ளைக்காரற்ற ஆமிக்கு இண்டைக்கும் பவுடர் பூசலோ?" தேநீரோடு வந்த மனைவி கமலேஸ்வரி குனிந்து பார்த்தாள். "உவருக்கு வாயைத் திறந்து கீறியிருக்கிறியள். பசிக்குதாக்கும்."

"தொடாதையும். பசை ஈரம்."

கேலி பேசினாலும் அவள் சிரித்து நாளாகியிருந்தது. அவளுடைய தம்பி நிஷாந்தன் மூன்று வருடங்களுக்கு முன் இந்தப் பக்கத்துச் சண்டையில் காணாமற்போனவன். செத்தான் என்று எவரும் சொல்லவில்லை. அதனால் வெள்ளிதோறும் அவனுக்காக விரதம் இருந்தாள்.

அவள் குசினிக்குப் போனதும் அவன் மறுபடி பார்த்தான். ஐந்தாவது வாயும் திறந்திருந்தது. ஆறாவதும்.

மழையே இல்லாமல் நனைந்த மண்ணின் வாசம் மேசையிலிருந்து எழுந்தது. சுளகில் அரிசி நகர்வது போன்ற மெல்லிய சரசரப்பு தகடுகளின் விளிம்பில் ஓடியது. வீரர்களின் காலடியில் தூவிய அந்த மண்ணை அவன் புதன்கிழமை வெடி நிலத்தில் எடுத்திருந்தான். அன்று தோண்டுகையில் ஒரு விரல் எலும்பு தட்டுப்பட்டது. எலும்பு கண்டால் வேலையை நிறுத்தி அறிவிக்கவேண்டும், அதுவே விதி. அறிவித்தால் ஊர் கூடும், கமலேஸ்வரியும் வருவாள், அவளுடைய நம்பிக்கை அங்கேயே உடைந்துபோகும். அவளுக்கு இரக்கம் காட்டுவதாகத்தான் அவன் நினைத்தான். காத்திருக்கும் ஒருத்தியிடமிருந்து அவளுக்குரியதை ஒளிப்பது இரக்கமாகாது என்று தோன்றவில்லை. எலும்பைக் குச்சிகளுக்கு அப்பால் எறிந்தான். குழியின் மண் நல்ல பொடியாக இருந்தது. அரித்துக்கொண்டு வந்தான்.

இப்போது எல்லா வாய்களும் திறந்திருந்தன. இளஞ்சிவப்பில் தீட்டிய முகங்கள் கறுத்திருந்தன. ஒவ்வொரு இடப் புருவத்திலும் ஒரு வெட்டுத் தழும்பு.

நிஷாந்தனின் தழும்பு.

"பிள்ளையாரே," என்றான்.

கமலேஸ்வரி அவன் பின்னால் நின்றாள். எப்போது வந்தாள்? குனிந்தாள். வீரர்களின் வரிசையில் காது வைத்தாள்.

"ஓம்," என்றாள் மெதுவாக. "ஓம் தம்பி. குச்சிக்கு அங்காலையோ?"

அவனுக்குச் சரசரப்பு மட்டுமே கேட்டது.

"கமலம், நான் சொல்லுறன், கேளும். அண்டைக்கு நான்..."

"அவன் எனக்குச் சொல்லிப்போட்டான்."

அவள் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் அவனைக் கொன்றது. அவள் படி இறங்கினாள்.

கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தான். முற்றம். வேலி. வெயில்.

குச்சிகள்.

கால்கள் தாமாக நின்றுவிட்டன.

அவள் பத்தடி உள்ளே முழந்தாளிட்டிருந்தாள். வலக்கை முழங்கைவரை நிலத்துக்குள்.

"அசையாதையும்! அப்பிடியே இரும்!"

அவள் திரும்பிப் பார்த்தாள். கன்னமெல்லாம் கண்ணீர். உதட்டில் சிரிப்பு.

"இஞ்சேருங்கோ, இவன் என்ர கையை விடுறான் இல்லை."

சொல்லி முடிக்கையில் மண் அவளுடைய தோளைத் தொட்டிருந்தது.