பதினேழாம் எண்

பழைய வார்டு ஒன்றைத்தான் எங்களுக்கு ஆவண அறையாக ஒதுக்கியிருந்தார்கள். கட்டில் கால்கள் அழுத்திய தடங்கள் இன்னும் தரையில் இருந்தன. மத்தியானம் இரண்டு மணிக்குப் போய்க் கணினி முன் உட்கார்ந்தேன். வலிக்குத் தடவும் ஒரு மருந்து தோல் வழியாக உடம்புக்குள் எவ்வளவு போகிறது என்ற ஆய்வு. நாற்பது பேரின் அளவுகளைத் தொகுத்து மாலைக்குள் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

முறை எளிது. முன்கையில் பேனாவால் சதுரம் வரைந்து, எண் போட்டு, அளந்த மருந்தைத் தடவுவோம். எட்டு மணி நேரம் கழித்துப் பஞ்சால் துடைத்து, எவ்வளவு திரும்பி வந்தது என்று அளப்போம். வராதது உள்ளே போயிருக்கிறது.

பதினேழாம் ஆளிடம் பாதிகூடத் திரும்பி வரவில்லை. அவன் என் தம்பி. "சும்மா உக்காந்திருக்கிற வேலைடா" என்று நான்தான் அழைத்து வந்தேன். தடவிய சிறிது நேரத்தில், "வாயெல்லாம் பூண்டு வாடை அடிக்குதுக்கா" என்றான். அந்த மருந்து அப்படித்தான், கையில் பட்டால் நாக்கில் வந்து நிற்கும். நான் சிரித்தேன். பத்தாம் நாள் கல்லீரல் கெட்டுச் செத்துப்போனான்.

'மீதி காற்றில் கலந்தது' என்று அவன் தாளில் எழுதியதும் நான்தான். ஆய்வுக் குழுவின் தலைவர் சொன்னார், எழுதினேன். அன்று அதைத் திருத்தியே தீருவது என்று வந்திருந்தேன். திருத்தினால் மருந்து கடைக்கு வராது. என் வேலையும் போய்விடும்.

தலைவர் கதவருகே வந்து நின்றார். "பதினேழ அப்படியே விட்டுடும்மா."

"சார், அது என் தம்பி."

"தெரியும்மா. அதான் உன்கிட்ட குடுத்தேன். நீ கையெழுத்துப் போட்டா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

அவர் போனதும் அறை அமைதியானது.

பூண்டு வாடை வந்தது.

கழுத்துக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்.

நான் திரும்பவில்லை.

"நான் காத்துல போகலக்கா."

வீட்டில் என்னை நம்பி மூன்று வயிறுகள். "மன்னிச்சுக்கோடா" என்று முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். வாடை சட்டென்று நின்றது. வெட்கக்கேடு, எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

வீட்டில் கை கழுவும்போது நாக்கில் பூண்டு ருசி தட்டியது. சட்டைக் கையை மேலே தள்ளினேன். முன்கையில் நீல மையில் ஒரு சதுரம். அதன் மேல் 17. ஏழுக்குக் குறுக்கே கோடு போடும் என் கையெழுத்தேதான்.

எவ்வளவு தேய்த்தும் மை போகவில்லை. மறுநாள் ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் தெரியாமல் சதுரத்தைப் பஞ்சால் துடைத்து அளந்து பார்த்தேன். ஒரு துளிகூடத் திரும்பி வரவில்லை.

இன்று ஒன்பதாம் நாள்.