செல்லாத கையெழுத்து

அந்தமானின் மின்னி பேயில் பாதி அப்பாக்கள் கப்பலேறி லாங் ஐலண்டுக்கு மரம் அறுக்கும் வேலைக்குப் போய்விடுவார்கள். அவர்கள் சம்பளத்தோடு திரும்பும்வரை, காதர் மாமா கடையில் பிள்ளைகளே கடன் சீட்டில் கையெழுத்துப் போட்டுச் சாமான் வாங்குவார்கள்.

பன்னிரண்டு வயது ஜெயமணியும் போட்டாள். அரிசிக்கு இல்லை, வெள்ளை கான்வாஸ் ஷூவுக்கு! குடியரசு தின அணிவகுப்பில் முதல் வரிசை அவளுக்கு.

"முட்டை வித்துக் கொஞ்சம் கொஞ்சமா அடைச்சிடறேன், மாமா."

அவள் வாக்குக் கொடுத்தது கோழிகளுக்குத் தெரியாதே! அவை முட்டையிடுவதையே நிறுத்திவிட்டன.

பக்கத்து வீட்டு பக்தவத்சலம் கோர்ட்டில் குமாஸ்தா. விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். "பதினெட்டு வயசு ஆகாதவங்க கடனுக்குப் போட்ட கையெழுத்து சட்டப்படி செல்லாதும்மா. உன்மேல கேஸே போட முடியாது!"

ஜெயமணி ஒரே ஓட்டமாகக் கடைக்குப் போனாள். எல்லார் முன்னாலும் அதை அப்படியே ஒப்பித்தாள்.

காதர் மாமா அவளைத் திட்டவில்லை. "அச்சா" என்று மட்டும் சொல்லி, அவள் சீட்டைக் கிழித்துப் போட்டார்.

மறுநாள் பள்ளியில் ஒரு வகுப்பு கீழே படிக்கும் கோவிந்தராஜ் வெறும் பையோடு எதிரே வந்தான். அவன் அம்மாவுக்குக் காய்ச்சல், அப்பாவோ லாங் ஐலண்டில்.

"சின்னப் பசங்க கையெழுத்து இனிமே வேணாமாம். பெரியவங்க வரணுமாம். எல்லாம் உன்னாலதான்!"

ஜெயமணிக்கு முகமெல்லாம் எரிந்தது. ஏன்தான் வாயைத் திறந்தோமோ என்றிருந்தது. அவனைக் கடைக்கு இழுத்துப் போனாள்.

"இவனுக்கு அரிசி குடுங்க மாமா. நான் ஜாமீன் கையெழுத்துப் போடறேன்."

"உன் கையெழுத்துதான் செல்லாதே பாப்பா. நீதானே சொன்னே?"

ஜெயமணி குனிந்து ஷூவைக் கழற்றி, தூசி தட்டி, அவர் முன்னால் வைத்தாள்.

"இதை வச்சுக்கோங்க. என் கடனை அடைச்சிட்டு வாங்கிக்கறேன்."

"அப்போ அணிவகுப்பு?"

"வெறுங்காலோட நடப்பேன்."

காதர் மாமா அரிசியை அளந்து கோவிந்தராஜ் பையில் கொட்டினார்.

அணிவகுப்பில் சரளைக்கல் குத்தியது. அழுகை வந்தாலும் ஜெயமணி நிற்கவில்லை. பிறகு கோழிகள் மனம் இரங்கின. சில மாதங்கள் கழித்துக் கடைசிக் காசைக் கொடுத்து ஷூவை வாங்கியபோது, கால் அதற்குள் நுழையவே இல்லை! கோவிந்தராஜுக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது.

அடுத்த வாரம் அம்மா அவளை மண்ணெண்ணெய் வாங்க அனுப்பினாள். காதர் மாமா சீட்டையும் பென்சிலையும் அவள் பக்கம் தள்ளினார்.

"செல்லாதே, மாமா..." என்றாள் ஜெயமணி, தலையைத் தூக்காமல்.

"கோர்ட்டுல செல்லாது. என் கடையில செல்லும். போடு!"

ஜெயமணி முழுப் பெயரையும் நிதானமாக எழுதினாள்.